அலாவுதீன் செருப்பு போட்ட மான்

நகம் வெட்டாமல் ஆபீஸுக்குப் போனால் மேனேஜர் முறைப்பார். வீட்டுக்கு வந்தால் அம்மா முறைப்பாள். சரி, காட்டில் இருக்கிற மான் எங்கே போய் நகம் வெட்டும்?

சிரிக்காதீர்கள். முப்பது வயது வரை எனக்கும் இந்தக் கேள்வி வந்ததில்லை. நான் படித்தது பி.காம். அந்த சிலபஸில் மானும் கிடையாது, நகமும் கிடையாது. வரவு, செலவு, தேய்மானம் - அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்றும் தெரிந்தால் மான் குளம்பு முழுசாகப் புரிந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச் கணக்கு முடித்து, கண்ணை மூடினாலும் கட்டம் கட்டமாகத் தெரிந்த ஒரு ஏப்ரல் மாதம், ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கார் எடுத்துக்கொண்டு மைசூர் வழியாக ஊட்டிக்குக் கிளம்பினோம். பந்திப்பூர் தாண்டி முதுமலைக்குள் வந்ததும் ரோட்டோரம் புள்ளிமான் கூட்டம். அதில் ஒன்று மட்டும் ஒரு மாதிரியாக நின்றது.

முன்னங்கால் குளம்பு இரண்டும் நீண்டு, நுனி மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. படக்கதையில் அலாவுதீன் போட்டிருப்பானே, முன்னால் வளைந்த செருப்பு... அதேதான்!

"டேய், அலாவுதீன்டா!" என்றான் ஒருத்தன். கார் நின்றது.

'வண்டியை நிறுத்தாதீர், விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்' என்று வழியெல்லாம் பலகை இருந்தது. படித்தோம். தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. படித்தவர்கள் இல்லையா! பிறகு க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன். மற்ற மான்களெல்லாம் நாலடி பின்னால் போய்விட்டன. அலாவுதீன் மட்டும் நொண்டி நொண்டி முன்னால் வந்தது. அரை பாக்கெட் தின்றது. போட்டோ எடுத்தோம். அன்று ராத்திரி ஊட்டி லாட்ஜில் அது நடந்த நடையை நடித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தவன் நான்தான்.

இது நடந்து ஏழு மாதம் கழித்து, நவம்பரில் எனக்கு டெங்கு வந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரி. ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தால் பஸ் ஏறி வந்துவிடுவாள் என்று, "ஆடிட்மா, போன் பேச நேரமில்லை" என்று புளுகியிருந்தேன். அந்தப் பொய் அப்படியே அமுங்கியிருக்கும். பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனதுதான் தப்பு.

அக்கா வீட்டுக்காரர் கால்நடை டாக்டர். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் எதிரில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன். மனுஷர் திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"மாப்ளே, ரெண்டு மாசம் முன்னாடி உனக்கு பலமா காய்ச்சல் வந்துச்சா?"

"இல்லையே மாமா. யார் சொன்னா?"

"உன் நகம் சொல்லுது."

பார்த்தேன். பத்து விரல் நகத்திலும் குறுக்கே ஒரு பள்ளம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி.

"கடுமையான காய்ச்சல் வந்தா உடம்பு மத்த செலவையெல்லாம் நிறுத்திடும். நகம் வளர்க்கிற வேலையும் கொஞ்ச நாள் நிக்கும். காய்ச்சல் போனதும் திரும்ப வளரும். நின்னுபோன இடம் பள்ளமா தெரியும். 1846-லேயே போன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் எழுதி வெச்சுட்டுப் போனார். மாசத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் நகம் வளருது. பள்ளம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்குன்னு பார்த்தா, என்னைக்கு வந்த காய்ச்சல்னு கணக்குப் போட்டுடலாம்."

அடுக்களையிலிருந்து, "ஆடிட்னு சொன்னியேடா!" என்று அம்மா குரல். மீதியை விவரிக்க வேண்டாம். தப்பிக்கிறதுக்காகப் பேச்சை மாற்றினேன். "மாட்டுக்கும் இப்படி உண்டா மாமா?"

"மாடு, ஆடு, மான், எல்லாத்துக்கும்தான். குளம்புன்னா என்ன? கெட்டியான நகம். ரெண்டும் கெரட்டின்."

தேய்மானக் கணக்கு

அன்று மாமா சொன்னதையும், அப்புறம் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மானின் ஒவ்வொரு காலிலும் தரையில் ஊன்றுகிற குளம்பு இரண்டு. நாலு காலுக்கு எட்டு. மயிர் முடிந்து குளம்பு தொடங்குகிற இடத்தில், நம் நகக்கண் மாதிரி ஒரு வளையம் இருக்கிறது. அங்கேதான் குளம்பு உற்பத்தி. அங்கிருந்து கீழ்நோக்கி வளர்ந்துகொண்டே வரும். கீழே பாறை, மண், சரளை. மான் நடக்க நடக்கத் தேயும். மேலே வரவு, கீழே தேய்மானம். இரண்டும் சமமாக இருக்கிற வரை குளம்பு அளவாக, கூர்மையாக இருக்கும். நெயில் கட்டர் தேவையில்லை. காடே நெயில் கட்டர்.

ஆக, குளம்பு நீண்டு வளைந்திருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. தேய்மானம் குறைந்திருக்க வேண்டும். அல்லது உற்பத்தியிலேயே கோளாறு இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நான் பெருமையாக செல்போனை எடுத்து, அலாவுதீன் போட்டோவைக் காட்டினேன். மாமா சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எந்த நோய்னு போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியாது மாப்ளே. ரத்தம் எடுக்கணும், குளம்பை உள்ளே பார்க்கணும். ஆனா யார் யார் மேல சந்தேகப்படலாம்னு ஒரு பட்டியல் இருக்கு."

அந்தப் பட்டியல்தான் இது.

சந்தேக நபர் 1: மெத்தென்ற தரை

பூங்காவிலும் மிருகக்காட்சி சாலையிலும் அடைபட்டிருக்கிற மானுக்கு மெத்தென்ற மண், உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு. நடையே இல்லை. (நம் ஆபீஸ் வாழ்க்கைதான். நமக்குத் தொப்பை, அதற்குக் குளம்பு.) அங்கே ஆள் வைத்து மயக்க மருந்து கொடுத்துக் குளம்பைச் செதுக்குவார்கள். நம் ஊரில் லாடம் அடிக்கும்போது மாட்டுக் குளம்பைச் சீவுவதும் இதற்குத்தான்.

காட்டு மானுக்கும் இது வரலாம். முள் குத்தியோ, வண்டி இடித்தோ ஒரு காலில் அடிபட்டால் அந்தக் காலை ஊன்றாது. ஊன்றாத குளம்பு தேயாது. தேயாதது நீளும். நீண்டால் ஊன்றுவது இன்னும் கஷ்டம். வட்டி கட்டாத கடன் மாதிரி, தானாக ஏறிக்கொண்டே போகும்.

சந்தேக நபர் 2: காய்ச்சல்

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் என்று ஓர் இனம், கோடிக்கணக்கில் இருக்கிறது. அதைத் தாக்குகிற ஒரு வைரஸ் காய்ச்சலை 1955-ல் நியூஜெர்சியில் முதலில் அடையாளம் கண்டார்கள். ரத்தக்கசிவுக் காய்ச்சல். பரப்புவது, கொசுவைவிட ரொம்பச் சின்னதாக ஒரு கடிக்கும் பூச்சி. கியூலிக்காய்ட்ஸ் என்று பெயர். இது சேற்றில் பெருகும். மழை பொய்த்துக் குளம் குட்டையெல்லாம் வற்றிச் சேறாகிற வருஷம் இதற்கு அறுவடை. 2012-ல் அமெரிக்காவில் பெரிய வறட்சி வந்தது. அந்த வருஷம் இந்த நோய் மத்திய மாநிலங்களில் மான்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. காய்ச்சல் தாங்காமல் தண்ணீரைத் தேடி ஓடிவந்து, கரையிலேயே செத்துக் கிடக்கும்.

எல்லாம் சாவதில்லை. பிழைத்ததின் குளம்பைப் பார்த்தால் குறுக்கே வளையம் வளையமாகப் பள்ளம். என் நகத்தில் டெங்கு போட்ட அதே கோடு! சிலதுக்குக் குளம்பு வெடித்து, ஓடு கழன்றே விழுந்துவிடும். அப்படிப்பட்ட மான் முழங்காலில் ஊர்ந்து மேயும். இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்கள் இதைப் பார்த்துச் சொன்னால்தான், 'ஓஹோ, கோடையில் இங்கே காய்ச்சல் வந்து போயிருக்கிறது' என்று அதிகாரிகளுக்கே தெரியும்.

இந்த வைரஸுக்கு ஒரு பங்காளி உண்டு. நீலநாக்கு நோய் வைரஸ். மழைக்காலத்தில் நம் ஊர் செம்மறி ஆடுகளை நொண்ட வைக்கிறதே, அதுதான். பரப்புவதும் அதே பூச்சி வகைதான்.

சந்தேக நபர் 3: கண்ணுக்குத் தெரியாத உப்பு

மான் குடும்பத்திலேயே பெரியது மூஸ். அலாஸ்காவில் கெனாய் தீபகற்பத்தில் உள்ள மூஸ்களின் குளம்பு சரியாக உருவாகாமல் கன்னாபின்னாவென்று வளர்ந்தது. குட்டி போடுவதும் குறைந்தது. ரோமத்தையும் குளம்பையும் எடுத்துச் சோதித்தார்கள். 1977-ல் முடிவு வெளியானது: உடம்பில் தாமிரம் பற்றாக்குறை.

நம் வீட்டுச் செம்பில் இருக்கிற அதே தாமிரம்தான். கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியாக்கத் துளியூண்டு தாமிரம் வேண்டும். மண்ணில் இல்லையென்றால் புல்லில் இல்லை. புல்லில் இல்லையென்றால் குளம்பில் இல்லை.

செலினியம் என்று இன்னொன்று. இது குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு. இன்று தெற்கு டகோட்டாவாக இருக்கிற பகுதியில் ராண்டால் கோட்டை என்று ஒரு ராணுவ முகாம். 1856-ல் அங்கே மேய்ந்த ராணுவக் குதிரைகளுக்கு மயிர் கொட்டி, குளம்பு கழன்றது. முகாம் டாக்டர் குறித்து வைத்தார். காரணம் புரியாது அவருக்கு. அந்த வட்டார மண்ணில் செலினியம் அதிகம், அதைப் புல் உறிஞ்சிக்கொள்கிறது என்பதை 1930-களில்தான் கண்டுபிடித்தார்கள். சுமார் எண்பது வருஷம், பதில் குதிரையின் காலுக்கடியிலேயே இருந்திருக்கிறது!

சந்தேக நபர் 4: கிருமி

இதுதான் பெரிய வழக்கு. இன்னும் முடியவில்லை.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலம். (தலைநகர் வாஷிங்டன் வேறு, அது எதிர்க்கோடியில்.) அங்கே செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை - 1980-ல் வெடித்ததே, அதுதான் - அடிவாரத்துக் காடுகளில் எல்க் என்னும் பெரிய மான்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. நம் கடமானைவிடப் பெரியது. 1990-களின் நடுவில் அங்கங்கே ஒன்றிரண்டு நொண்டுவதாகத் தகவல் வந்தது. 2008-க்குப் பிறகு இது மளமளவென்று ஏறியது. குளம்பு நீண்டு, கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உடைந்து, புண்ணாகி, கடைசியில் கழன்று... எலும்பில் நடக்கிற எல்க்கைக்கூடப் பார்த்தார்கள்.

ஊர்க்காரர்கள் காடு வளர்க்கிற கம்பெனிகள் தெளிக்கிற களைக்கொல்லியைச் சந்தேகப்பட்டார்கள். சிலர் தாமிரம், செலினியம் என்றார்கள். சோதனைகள் சுட்டிக்காட்டியது ட்ரெபொனீமா என்கிற பாக்டீரியாவை. (சிபிலிஸ் கிருமியும் இந்த வம்சம்தான். அதற்கு மேல் கேட்காதீர்கள்.) இதே வம்சத்துக் கிருமிகள் மாட்டுக் குளம்பில் புண் உண்டாக்குகிற நோயை 1974-ல் இத்தாலியில் முதலில் விவரித்திருந்தார்கள். ஆட்டிலும் உண்டு. காட்டு மானில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

2017-ல் மாநிலச் சட்டசபையே தீர்மானித்து, ஆராய்ச்சிப் பொறுப்பை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியிடம் ஒப்படைத்தது. நோய்க் குளம்பு கலந்த மண்ணில் நல்ல எல்க்குகளை நிற்க வைத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கும் நோய் வந்தது. அதாவது தொற்றுகிறது, அதுவும் மண் வழியாக! இந்த பயத்தில்தான் அங்கே வேட்டைக்காரர்களுக்கு ஒரு விதி போட்டிருந்தார்கள்: பாதித்த பகுதியில் எல்க்கைச் சுட்டால் குளம்பை வெட்டி அங்கேயே போட்டுவிட்டுப் போகணும். குளம்போடு கிருமியும் சவாரி செய்து அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடக்கூடாது.

இத்தனைக்கும் நோய் பக்கத்து ஆரிகான், ஐடஹோ, கலிஃபோர்னியா மாநிலங்களுக்குப் போய்விட்டது. காட்டில் இருக்கிற எல்க்குக்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. பிடித்துக் கட்டுப்போட அது நம்ம வீட்டுப் பசுவா?

நாலு சந்தேக நபர்கள் முடிந்தது. "அவ்வளவுதானா மாமா?" என்றேன். அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த போட்டோவுல அது வாய்ல என்ன?"

"பிஸ்கட்."

"அதான் அஞ்சாவது."

சந்தேக நபர் 5

மானுக்கு இரைப்பையில் நாலு அறை. முதல் அறை ஒரு பெரிய ஊறல் தொட்டி. அங்கே கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் உட்கார்ந்து புல்லையும் இலையையும் நிதானமாகப் புளிக்க வைத்து மானுக்குச் சாப்பாடு போடுகின்றன. நார்ச்சத்துக்குப் பழகின சமையல்காரர்கள். அங்கே திடீரென்று மாவும் சர்க்கரையும் மூட்டையாக வந்து இறங்கினால், வேறொரு கோஷ்டி நுண்ணுயிர் கிடுகிடுவென்று பெருகி எல்லாவற்றையும் லாக்டிக் அமிலமாக்கிவிடும். இட்லி மாவு ஒரே மணி நேரத்தில் பொங்கி வழிந்தால் எப்படி இருக்கும், அப்படி. தொட்டி முழுக்க அமிலம். சுவர் அரித்து, விஷம் ரத்தத்தில் ஏறும்.

அந்த விஷம் குளம்பு வரை போகும். குளம்பு ஓட்டுக்கும் உள்ளே இருக்கிற எலும்புக்கும் நடுவில் மெல்லிய சதை இருக்கிறது. அது வீங்கும். உங்கள் கால் வீங்கினால் ஷூவைக் கழற்றி வைக்கலாம். மானால் குளம்பைக் கழற்ற முடியாது. ஓட்டுக்குள்ளேயே நசுங்கி, ரத்த ஓட்டம் கெட்டு, அதற்குப் பிறகு வளர்கிற குளம்பு கோணல்மாணலாக நீண்டு, நுனி மேலே சுருளும்.

அலாவுதீன் செருப்பு.

அமெரிக்காவில் பனிக்காலத்தில் 'ஐயோ பாவம்' என்று மக்காச்சோளத்தை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். வயிறு நிறையச் சோளத்தோடு மான் செத்துக் கிடக்கிறது. பட்டினியால் இல்லை, விருந்தால். பிழைத்தவை குளம்பு வளைந்து நிற்கின்றன. பல மாநிலங்களில் மானுக்குத் தீனி போடுவதைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். சோளத்தில் க்ரீம்கூடக் கிடையாது.

எனக்குக் கரும்பு இறங்கவில்லை.

"மாமா, அரை பாக்கெட்தான்..."

"உன் அரை பாக்கெட்டால ஒண்ணும் ஆகியிருக்காது மாப்ளே. அது ஏற்கெனவே நொண்டிக்கிட்டுதானே வந்தது? ஆனா உனக்கு முன்னாடி வந்த காரும் அரை பாக்கெட்டுன்னுதான் சொல்லும். பின்னாடி வந்த காரும் அதையேதான் சொல்லும். ஒரு நாளைக்கு எத்தனை கார் போகுதுன்னு நீதான் கணக்குல புலியாச்சே, பெருக்கிப் பாரு."

பெருக்கிப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை. பதிலுக்கு வக்கீல் மாதிரி ஒரு பாயிண்ட் எடுத்தேன். "ஒருவேளை அடிபட்டதாலயோ காய்ச்சலாலயோ குளம்பு வளைஞ்சிருந்தா?"

"இருக்கலாம். நொண்டுற மானால காட்டுக்குள்ள அலைஞ்சு மேய முடியாது. சுலபமா கிடைக்கிற இடத்துக்கு வரும். ரோடு. நீ பிஸ்கட் போடுவே. நாளைக்கும் அங்கேயே நிக்கும். நொண்டுற காலோட ரோட்டுல நிக்கிற மானுக்கு என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? மத்த மானெல்லாம் பின்னாடி ஓடினப்போ அது மட்டும் முன்னாடி வந்துச்சே, உனக்கு அது ஏன்னு தோணவே இல்லையா?"

தோன்றவில்லை. பாசமாக வருகிறது என்று நினைத்தேன். அதைத்தான் ராத்திரி நடித்து வேறு காட்டினேன்.

மே மாதத்துக்குள் என் நகப்பள்ளம் ஒவ்வொரு விரலிலும் நுனிக்கு வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் விரித்து உட்கார்ந்து வெட்டி எறிந்தேன். டெங்கு கணக்கு க்ளோஸ். குளம்புக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வராது. நாலு காலையும் ஊன்றி அது நடந்தே தேய்த்தாக வேண்டும். அந்த நடையைத்தானே முதலில் பறிக்கிறோம்?

அப்புறம் அந்த வேலையை விட்டுவிட்டு எழுதிப் பிழைக்க ஆரம்பித்து, போன வருஷம் அதே ரோட்டில் மறுபடி போனேன். இந்தத் தடவை நண்பர்களின் தம்பிமார்கள். பந்திப்பூர் தாண்டினோம். அதே பலகைகள். அதே மாதிரி ஒரு கூட்டம். ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். வளைந்த குளம்பு எதுவும் இல்லை. அலாவுதீன் இல்லை.

"அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க, பிஸ்கட் போடலாம்" என்று பின் ஸீட்டில் பாக்கெட் பிரிக்கிற சத்தம்.

சந்தேக நபர் 1-லிருந்து 5 வரை சொல்லி முடிக்க எனக்கு நேரமில்லை. பாக்கெட்டைப் பிடுங்கினேன். கொடுத்தால் வெளியே எறிவான், வைத்திருந்தால் திரும்பப் பிடுங்குவான். வேறு வழியில்லாமல் முழுப் பாக்கெட்டையும் நானே தின்றேன்.

கூடலூர் வருவதற்குள் வயிறு உப்பிப் புளித்த ஏப்பம். பையன்கள் சிரித்தார்கள். அதில் ஒருத்தன் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்த நடையை அன்று ராத்திரி லாட்ஜில் நடித்துக்காட்டினான்.

நன்றாகத்தான் நடித்தான்.